குளித்தலையில் தேடினால் வையம்பட்டி கிடைக்கும்

வையம்பட்டியிலிருந்து திருச்சிக் கல்லூரிக்கு ரயிலில் போய்வரும் வரலாற்று மாணவி ஒருவர் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகம் ஒன்றின் பட்டியலில் 'சோழர்' என்று தேடியிருந்தார். நாம் வழக்கமாக ஆங்கில எழுத்தில் எழுதுவதுபோல 'சி-எச்'சில் தொடங்கி, ழகரத்துக்கு 'இசட்-எச்' போட்டிருந்தார். வந்தவை மிகக் கொஞ்சம். அந்தப் பட்டியல்களில் சகரத்துக்கு வெறும் 'சி'தான். ழகரம் அடிக்கோடிட்ட 'எல்'. தேடும்போது கோடு வேண்டியதில்லை. மாற்றி அடித்ததும் தமிழ்ப் புத்தகங்கள் திரை திரையாக வந்தன. "இவ்வளவும் அங்க இருக்கா சார்?" என்றார்.

அவற்றில் பல, கோதுமை வந்த கணக்கில் போன புத்தகங்கள். பி.எல். 480 என்ற அமெரிக்கச் சட்டத்தின்படி வந்த தானியத்துக்கு இந்தியா ரூபாயில் விலை கொடுத்தது. அந்த ரூபாய் இங்கேயே குவிந்தது. அதில் ஒரு பங்கைப் புத்தகம் வாங்கச் செலவிடலாம் என்று 1958இல் ஒரு திருத்தம் வந்தது. 1962 முதல் லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் டெல்லி அலுவலகம் இந்திய மொழி நூல்களை வாங்கி சிகாகோ, பெர்க்லி, பென்சில்வேனியா போன்ற பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. இங்கே மறுபதிப்பே காணாத நூல்களும் அங்கே எண்ணிட்டு அடுக்கப்பட்டன.

கப்பலேறாமல் நின்ற சேகரமும் உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் புத்தகம், இதழ், துண்டறிக்கை என்று சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை விலைக்கு வாங்கியது. ஆனால் தமிழ்நாட்டிலேயே விட்டுவைத்தது. 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. என்னைக் கேட்டால், அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று தமிழ் ஆய்வுக்குச் செய்த மிக நல்ல காரியம் இதுதான். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனையும் சிகாகோவின் இணைய நூலகத்தில் எவரும் காசில்லாமல் புரட்டலாம்.

சரி, மாணவியின் ஊரான வையம்பட்டியின் வரலாற்றை எங்கே தேடுவது? ஸ்ரீரங்கத்தை ஆராய்பவருக்குக் கவலையில்லை. 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' வரிசையில் 24ஆம் தொகுதி முழுவதும் அரங்கன் கோயிலுக்கே. அந்தக் கோயிலின் வரலாற்றைச் சொல்லும் கோயிலொழுகும் கையில் இருக்கிறது. வானம் பார்த்த மானாவாரி ஊருக்கு அப்படி எதுவும் இல்லை. அதைச் சுற்றிவளைத்துத்தான் பிடிக்க வேண்டும். மாணவியிடம் இரண்டு நூல்களைச் சொன்னேன்: லூயிஸ் மூர் எழுதிய 1878ஆம் ஆண்டு மாவட்டக் கையேடு, ஹெமிங்வேயின் 1907ஆம் ஆண்டு கெசட்டியர். இரண்டும் 'டிரிச்சினாப்பொலி' என்ற பழைய பெயரில்தான் பட்டியலில் ஏறியிருக்கும். உள்ளே போனபின்னும் வையம்பட்டி என்று தேடி ஏமாறக் கூடாது. மணப்பாறை தனித் தாலுகா ஆகும்வரை இந்தப் பக்கமெல்லாம் குளித்தலைத் தாலுகா. ஆகவே குளித்தலையில் தேட வேண்டும். மருங்காபுரி, கடவூர் ஜமீன்களைப் பற்றிய பக்கங்களைப் படிக்க வேண்டும். இந்த வித்தையை எந்தப் பாடத்திட்டமும் அவருக்குச் சொல்லித் தரவில்லை என்பதுதான் என் ஆதங்கம். கதவு திறந்தே கிடக்கிறது. எந்தப் பெயரைச் சொல்லி உள்ளே போவது என்று தெரியாமல் பிள்ளைகள் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள்.

இன்னொரு களஞ்சியம் பக்கத்திலேயே இருக்கிறது. பாரதிதாசன் பல்கலைக்கழகம் 1982இல் தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரத்துக் கல்லூரிகளில் எம்.ஃபில். ஆய்வேடுகள் எழுதப்பட்டு வந்திருக்கின்றன. ஏரிப் பாசனம், மாட்டுச் சந்தை, குலதெய்வ வழிபாடு, வட்டார வழக்கு என்று சின்னச் சின்ன ஊர்களைப் பற்றி எழுத இடம் கொடுத்தது அந்தப் படிப்புதான். ஷோத்கங்கா இணையக் களஞ்சியம் பெரும்பாலும் முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கானது; அதனால் இவற்றை அங்கே அதிகம் எதிர்பார்க்க முடியாது. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில். படிப்பையே நிறுத்திவிட்டது. இனி அந்த அலமாரிக்குப் புது ஏடு வராது. இருப்பதைத்தான் காப்பாற்ற வேண்டும்.

ஒரு கல்லூரி நூலகத்தில் அப்படி ஒன்றை அந்த மாணவியோடு சேர்ந்து பிரித்துப் பார்த்தேன். மெரூன் ரெக்சின் அட்டை, முதுகில் உதிர்ந்துகொண்டிருக்கும் பொன்னெழுத்து. பின்னிணைப்பில் தகவலாளர் பட்டியல்: பெயர், வயது, ஊர், தொழில். வையம்பட்டிப் பக்கத்து ஊர்க்காரர்கள் பலர். எழுபது, எண்பது வயதுக்காரர்கள். அவர்கள் சொன்னது வேறெங்கும் அச்சில் இல்லை. மாணவி ஒவ்வொரு பக்கமாகக் கைப்பேசியில் படமெடுக்கத் தொடங்கினார். நான் தாள் மடங்காமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.