பாதி ஏறிய பட்டியல்

ஏபிஐ ஆவணத்தை ஆள் வைத்து எழுதுவது வீண் செலவு என்ற பேச்சு மென்பொருள் நிறுவனங்களில் இப்போது பலமாக அடிபடுகிறது. ஏபிஐயின் அமைப்பை வரையறுக்கும் ஓப்பன்ஏபிஐ கோப்பைக் கொடுத்தால் பக்கங்கள் தாமே வந்துவிடும், மிச்சத்தை ஏஐ எழுதிவிடும், படிக்கப்போவதும் இன்னொரு ஏஐதானே என்கிறார்கள். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம், ஏஐ வெளிக் கருவிகளை அழைக்க உதவும் எம்சிபி நெறிமுறையை வெளியிட்ட பிறகு இந்த வாதத்துக்குத் தெம்பு கூடிவிட்டது. கட்டுமானத் திட்ட மேலாண்மை மென்பொருள்களும் இந்த அலையில்தான் இருக்கின்றன. நூற்றுக்கணக்கான வேலைகளையோ பட்ஜெட் வரிகளையோ ஒரே அழைப்பில் உருவாக்கும் 'பல்க்' கருவிகளுக்கும் இப்படி விளக்கம் தயாரித்தால் போதும் என்று நம்புகிறார்கள்.

இந்த முறையால் பயன் உண்டு. புலத்தின் பெயர், அது எண்ணா எழுத்தா, கட்டாயமா விருப்பமா என்பதிலெல்லாம் கைப்பிழை வராது. நிரல் மாறினால் பக்கமும் மாறும். கையால் எழுதிய டாக்ஸ் இரண்டு பதிப்பு பின்தங்கிக் கிடந்த காலத்தை யாரும் திரும்பக் கேட்கவில்லை.

ஆனால் பல்க் கருவியைப் பயன்படுத்துகிறவருக்குப் புலத்தின் பெயர் தெரியாமல் இருப்பது பெரிய சிக்கலே அல்ல. பட்டியல் பாதி ஏறி நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதுதான் சிக்கல்.

கடலூர் மாவட்டத்தை வைத்துப் பார்ப்போம். மொத்தமாக வீடு கட்டுவது அங்கே பழகிப்போன சங்கதி. 2004 சுனாமிக்குப் பின் கடலோரக் குப்பங்களில் வரிசை வரிசையாக வீடுகள் எழுந்தன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபின், கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் குடிசை இழந்தோருக்கு ஒரு லட்சம் கான்கிரீட் வீடுகளை அரசு அறிவித்தது. பிறகு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்ற கணக்கில் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் வந்தது. இப்படி ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். பரங்கிப்பேட்டை, குமராட்சி ஒன்றியங்களில் 300 வீடுகள். சிதம்பரத்தில் ஒப்பந்ததாரரின் அலுவலகம். வீட்டுக்கு அஸ்திவாரம், பேஸ்மட்டம், லிண்டல், கூரை, பூச்சு என்று ஐந்து வேலை. மொத்தம் 1,500 பதிவுகள். ஓர் அழைப்பில் 100 பதிவு என்றால் 15 அழைப்புகள். ஒன்பதாவது அழைப்பு போய்க்கொண்டிருக்கும்போது நெட் போய்விடுகிறது.

அந்த 100 பதிவுகளும் சர்வரில் ஏறினவா, ஏறவில்லையா? பதில்தான் வரவில்லை, வேலை முடிந்திருக்கலாம். மறுபடி அனுப்பினால் 20 வீடுகளுக்கு இரண்டிரண்டு அஸ்திவாரம் கணக்கில் நிற்கும். பில் போடும்போது வில்லங்கம். அனுப்பாமல் விட்டால் 20 வீடுகளே பட்டியலில் இல்லை. நெட் போகாவிட்டாலும் தொல்லை உண்டு. பண்ருட்டிப் பக்கம் ஒரு புதுப்பேட்டை, பரங்கிப்பேட்டைக் கடலோரத்தில் ஒரு புதுப்பேட்டை. ஊர்க்குறியீடு மாறி மூன்று பதிவுகள் தள்ளுபடியாகின்றன. மீதி 97 நிலைத்தனவா, அவையும் சேர்ந்து போயினவா? தானியங்கி ஆவணத்தில் இதற்கு இருக்கும் பதில் ஒரே வரி: '400, தவறான கோரிக்கை'.

இதற்கு எல்லா நிறுவனமும் ஒரே விடை வைத்திருக்கவில்லை. சேல்ஸ்ஃபோர்ஸ் ஓர் அழைப்பில் 200 பதிவுகள் வரை வாங்கிக்கொண்டு, ஒன்று தவறினால் அனைத்தையும் ரத்து செய்யவா என்ற முடிவை அனுப்புகிறவரிடமே விடுகிறது. சென்னையின் ஜோஹோ, தன் சிஆர்எம்மில் 100 வரை வாங்கி, ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியே வெற்றி, தோல்வி சொல்கிறது. கட்டுமானத்துக்கென்றே உள்ள ப்ரோகோர் தன் 'சிங்க்' அழைப்புகளுக்கு, ஏறியவை ஒரு பட்டியல், பிழைகள் ஒரு பட்டியல் என்று பதில் தருகிறது. பணப் பரிமாற்றம் நடத்தும் ஸ்ட்ரைப், கோரிக்கையோடு ஒரு தனிச் சாவியை அனுப்பச் சொல்கிறது. அதே சாவியோடு மறுபடி வந்தால் இரண்டாம் முறை பணம் எடுக்காமல் பழைய பதிலையே தருகிறது. இவை ஒவ்வொன்றும் யாரோ உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவு. ஓப்பன்ஏபிஐ வடிவத்தில் இந்த முடிவுகளை எழுதுவதற்கென்று ஒதுக்கிய இடம் கிடையாது. விளக்கவுரை போன்ற பெட்டியில் மனிதர் எழுதினால்தான் உண்டு. எழுதாத பெட்டியிலிருந்து எந்தத் தானியங்கி எதை எடுக்கும்?

ஏஐ எடுக்கும் என்பவர்கள் இருக்கிறார்கள். எடுக்காது, இட்டுக்கட்டும். 'அனைத்துப் பதிவுகளும் உருவாக்கப்படும்' என்று பிசிறில்லாமல் ஒரு வாக்கியம் வந்து உட்கார்ந்துகொள்ளும். வெற்றுப் பெட்டியைக் கண்டால் படிப்பவர் சந்தேகப்பட்டாவது சோதித்துப் பார்ப்பார். அழகான வாக்கியம் அந்தச் சந்தேகத்தையும் போக்கிவிடுகிறது. மறுபடி அழைப்பதில் உள்ள ஆபத்தை எம்சிபியை வகுத்தவர்களே அறிந்திருக்கிறார்கள். ஒரு கருவியை மறுபடி அழைத்தால் கூடுதல் விளைவு உண்டா இல்லையா என்று சொல்ல 2025 மார்ச் பதிப்பில் ஒரு குறிப்பைச் சேர்த்தார்கள். அது வெறும் குறிப்புதான், நம்பத்தகாத சர்வரிடமிருந்து வந்தால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள் என்றும் எழுதிவைத்தார்கள். நிரப்பவேண்டியவர் அந்த இடத்தையும் காலியாக விட்டால் குறிப்பு இருந்தும் பயனில்லை.

'டெவலப்பர் சோதித்துக் கண்டுபிடித்துக்கொள்வார்' என்பது இன்னொரு சால்ஜாப்பு. சோதனைக் களத்தில் பத்து பதிவு, நல்ல வைஃபை. அங்கே ஒன்பதாவது அழைப்பே வராது.

ஏறியதை இறக்குவது எத்தனை பாடு என்று கடலூர் மாவட்டம் 2020-இல் பார்த்தது. விவசாயிகளுக்கு உதவித்தொகை தரும் பிஎம்-கிசான் திட்டத்தில் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி உள்ளிட்ட மாவட்டங்களில் தகுதியில்லாதவர்களின் பெயர்கள் கூட்டங்கூட்டமாக ஏற்றப்பட்டன. அலுவலர்களின் பாஸ்வேர்டு வெளியாட்கள் கைக்குப் போயிருந்தது. தமிழகம் முழுக்க ஐந்தரை லட்சம் பேர், 110 கோடி ரூபாய் என்றது அரசுத் தரப்பு. சிபிசிஐடி வந்தது, பணத்தை ஒவ்வொரு வங்கிக் கணக்காகத் தேடிப் பிடிக்கவேண்டியிருந்தது. அது மோசடி, ஆவணம் எழுதியவர் மேல் அந்தப் பழியைப் போட முடியாது. ஆனால் பெயர் ஏறிய வேகத்துக்கும் இறங்கிய வேகத்துக்கும் இருந்த தூரம், நேர்மையான தவறு நேர்ந்தாலும் குறையப்போவதில்லை.

பல்க் உருவாக்கத்துக்கு ஆவணம் எழுதுகிறவர் முதல் எடுத்துக்காட்டாகப் பாதி தோற்ற பதிலைத்தான் வைக்கவேண்டும். மூன்று பிழையும் 97 வெற்றியும் கொண்ட பதில் எப்படி இருக்கும், அந்த மூன்றை மட்டும் மறுபடி அனுப்புவது எப்படி, பதிலே வராதபோது எதைக் கேட்டுச் சரிபார்ப்பது, தவறாக ஏறியதை மொத்தமாக நீக்க வழி உண்டா, பில் போட்டுவிட்ட பதிவை நீக்க மென்பொருள் விடுமா? இவற்றை எழுத, கருவியைக் கட்டியவரிடம் போய் உட்கார்ந்து கேட்கவேண்டும். சில வேளை அவருக்கே பதில் தெரிந்திருக்காது. அந்தக் கேள்வி கேட்கப்படாத நிறுவனத்தின் கருவியை வாங்கியவர், எக்ஸெல் ஷீட்டை ஒரு பக்கம் திறந்து வைத்து 1,500 வரிகளையும் டிக் போட்டுத்தான் பார்க்கவேண்டும்.