பிரசவியாத தாயின் மடியில் ஒரு பால் யந்திரம்

மெடேலா சிம்ஃபனி என்னும் ஸ்விட்ஜர்லாந்து தேசத்து மின்சாரப் பால் பம்பைப் பற்றி ஏராளமான மதிப்புரைகள் எழுதப்பட்டிருக்கின்றன. ஆயினும் அவை யாவும் பிள்ளை பெற்ற தாய்மாரை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. கர்ப்பமும் பிரசவமும் இல்லாமல், தத்தெடுத்த சிசுவுக்குத் தாய்ப்பால் சுரக்கச் செய்ய வேண்டும் என்ற உத்தேசத்தோடு அதை வாடகைக்கு அமர்த்தி, இரவும் பகலும் மடியில் வைத்துக்கொண்டிருந்தவள் என்ற முறையில், என் போன்றவர்களுக்கு அந்த யந்திரம் எவ்வளவு தூரம் பிரயோஜனப்படும் என்பதை மட்டும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

பிரசவித்தவளுடைய தேகத்தில் பெரும்பாலான வேலையை இயற்கையே முடித்து வைத்துவிடுகிறது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரோஜெஸ்டிரோன் சட்டென்று இறங்க, அதுவரை அடங்கியிருந்த புரோலாக்டின் தன் காரியத்தைத் தொடங்குகிறது. பம்பு செய்ய வேண்டியதெல்லாம் ஏற்கெனவே சுரந்ததை வெளியே எடுப்பதுதான். பிரசவியாதவளிடத்திலோ, காம்பில் உண்டாகும் ஸ்பரிசத்தால் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியை ஓயாமல் தட்டியெழுப்பி, இல்லாத பாலை உண்டாக்கும் பொறுப்பையும் அதே பம்பு ஏற்க வேண்டியிருக்கிறது. ஆகவே, எத்தனை வேகமாகப் பாலை எடுக்கிறது என்று அதை மதிப்பிடுவது எங்கள் விஷயத்தில் நியாயமாகாது. பாலே இல்லாத காலத்தில் எத்தனை பொறுமையாகவும் துன்பமில்லாமலும் அது வேலை செய்கிறது என்பதே கேள்வி.

உறிஞ்சியும் விட்டும் மாறி மாறி இயங்கும் நவீனப் பம்புக்கு அஸ்திவாரமிட்டவர் ஐனார் எக்னெல் என்ற ஸ்வீடிஷ் இன்ஜினீயர். எவ்வளவு உறிஞ்சல் தேகத்துக்குத் தீங்கு செய்யாது என்பதை ஆராய்ந்து 1956-இல் அவர் முடிவுகளை வெளியிட்டார். சிம்ஃபனியின் விசேஷம், அந்த அடிப்படையின் மேல் குழந்தையின் தாளத்தையும் சேர்த்துக்கொண்டதாகும். அதன் 'மெயின்டெய்ன்' என்ற முறையில், முதல் இரண்டு நிமிஷம் நிமிஷத்துக்கு 120 தடவை லேசாகவும் விரைவாகவும் இழுத்து, பிறகு தானாகவே 54 முதல் 78 வரையுள்ள நிதானமான, ஆழமான இழுப்புக்கு மாறிவிடுகிறது. உறிஞ்சலின் பலத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரே ஒரு திருகு; பலத்தைக் கூட்டினால் வேகம் தானே குறைகிறது. அரைத் தூக்கத்தில் எழுந்து இயக்குகிறவளுக்கு இந்த ஒற்றைத் திருகு எவ்வளவு பெரிய உபகாரம் என்பது அனுபவித்தவர்களுக்கே தெரியும்.

'இனிஷியேட்' என்று இன்னொரு முறையும் உண்டு. பால் இறங்குவதற்கு முன் பச்சைக் குழந்தை ஒழுங்கில்லாமல் சப்பியும் நிறுத்தியும் இருப்பதைப் போலவே பதினைந்து நிமிஷம் இயங்கித் தானே நின்றுவிடும் முறை அது. பெயரைப் பார்த்து, எங்களுக்கென்றே செய்ததாக்கும் என்று மகிழ்ந்தேன். ஆனால் பிரசவத்துக்குப் பின் வரும் முதல் சில நாட்களை எண்ணியே அது வகுக்கப்பட்டிருக்கிறது. எங்களுக்கோ முதல் துளியைக் காணவே வாரக்கணக்கில் ஆகலாம். கனடா தேசத்துக் குழந்தை வைத்தியர் ஜாக் நியூமனும் லெனோர் கோல்ட்ஃபார்பும் பிரசவியாதவர்களுக்கென்று வகுத்த முறையோ, ஐந்து முதல் ஏழு நிமிஷம் மிதமான பலத்தில் பம்பு செய்து, இடையே கையால் மெல்லத் தேய்த்துவிட்டு, மறுபடியும் அவ்வளவு நேரம் பம்பு செய்யச் சொல்கிறது. அதற்கு 'மெயின்டெய்ன்'தான் இசைகிறது. துளிப் படம் போட்ட பொத்தானை அழுத்தினால் மறுபடியும் விரைவான இழுப்பு வந்துவிடுகிறது. தயாரித்தவர்கள் பால் இறங்கிவரும் தருணத்துக்காக வைத்த அந்தப் பொத்தானே எனக்கு இந்த யந்திரத்தின் தலையாய அங்கமாயிற்று. காலியான மார்பை ஆழமாக இழுப்பதனால் புண்ணைத் தவிர வேறு பலன் இல்லை.

புனல் விஷயத்தில் யாரும் அசட்டையாக இருக்கக் கூடாது. 21, 24, 27, 30, 36 மில்லிமீட்டர் என்று பல அளவுகள் உள்ளன. பொதுவாகக் கொடுக்கப்படும் 24 எல்லோருக்கும் பொருந்திவிடாது. காம்பின் குறுக்களவை அளந்து வாங்குவதும், ஓரத்தில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வதும் வலியைப் பெரிதும் தணிக்கும். பால் மோட்டாருக்குள் போகாமல் ஒரு சவ்வு தடுப்பதால், பல தாய்மார் மாறி மாறி உபயோகிப்பதற்கு இது ஏற்றது. குழாய், புனல், புட்டி ஆகியவற்றை மட்டும் அவரவர் புதிதாக வாங்கிக்கொள்ள வேண்டும். ஏறக்குறைய மூன்று கிலோ எடை. அறைக்கு அறை தூக்கிக்கொண்டு திரிவதற்கில்லை. மின்வெட்டு உள்ள ஊரில் இருப்பவர்கள் பாட்டரியோடு கூடிய வகையைக் கேட்டு வாங்குவது உத்தமம்.

உள்ளாடைக்குள் பொருத்திக்கொண்டு நடமாடும் பம்பு ஒன்றையும் ஒரு சிநேகிதியிடம் இரவல் வாங்கிப் பார்த்தேன். சௌகரியம் மறுக்க முடியாதது. ஆனால் காம்பு நடுவில் இருக்கிறதா என்று பார்க்கவே வழியில்லை, அதன் இழுப்பும் எனக்குப் போதவில்லை. பால் நிலைபெற்ற பிறகு அது உதவலாம். கைப்பம்பால் ஒரு நாளைக்கு எட்டு முறை வேலை செய்ய நினைப்பவர்களுக்கு என் அனுதாபம்.

புட்டியின் மேலுள்ள மில்லிலிட்டர் கோடுகளைப் போலப் பெண்ணின் மனத்தை நோகச் செய்வது வேறொன்றும் இல்லை. "எவ்வளவு வந்தது?" என்று வீட்டில் ஒருவர் தவறாமல் கேட்டுவிடுவார். புட்டிகளுக்குக் காலுறையை மாட்டி மறைத்துவிடுவது எல்லோருக்கும் நல்லது.

யந்திரத்துக்கு அப்பாற்பட்ட காலப் பிரச்சினை ஒன்று உண்டு. நியூமன் முறை, குழந்தை வரும் தேதி தெரிந்திருக்கும் என்று பாவித்து, பல மாதம் கர்ப்பத்தடை மாத்திரை உண்டு, சுமார் ஆறு வாரத்துக்கு முன் அதை நிறுத்திப் பம்பைத் தொடங்கச் சொல்கிறது. வாடகைத்தாய் மூலம் பிள்ளை பெறுபவர்களுக்கு அது சாத்தியம். இந்தியாவில் தத்தெடுப்பவர்களுக்கோ, குழந்தையின் விவரம் வந்ததும் 48 மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். குழந்தையை ஒப்படைத்த பெற்றோருக்கு 60 நாள் மறுபரிசீலனை அவகாசம் இருப்பதால், அது முடியும் வரை குழந்தை நம் கைக்கு வராது; அதற்குள் புட்டிக்குப் பழகியிருக்கும். ஆகையால், வரிசையில் காத்திருக்கும் காலமெல்லாம் வாடகை கட்டுவது வீண்; சம்மதம் சொன்ன அன்று எடுத்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். நான் மாத்திரையில்லாமல் அப்படித்தான் தொடங்கினேன். பால் குறைவாகவே வந்தது. வாந்திக்காக நம் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் டாம்பெரிடோனைப் பால் பெருக்கவும் கொடுக்கிறார்கள். இருதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004-இல் எச்சரித்திருப்பதால், வைத்தியரைக் கேளாமல் அதைத் தொடவே கூடாது.

குழந்தை மார்பில் வாய் வைக்கத் தொடங்கியதும், கழுத்தில் தொங்கும் புட்டியிலிருந்து மெல்லிய குழாய் வழியே காம்பருகில் பால் கொடுக்கும் துணைக்கருவி ஒன்று சேர்ந்துகொண்டது. பசியில் ஒரு பங்கை நானும், மீதியை அந்தக் குழாயும் தீர்க்கிறோம். அதன்பின் பம்பு, பகலில் குழந்தை உறங்கும்போது ஓரிரு முறை மட்டுமே வேலை செய்கிறது. அடுத்த மாதத்தோடு அதைத் திருப்பிக் கொடுத்துவிட உத்தேசம்.