நிகழ்ச்சி மலரில் இல்லாதவர்கள்

கடந்த கோடையில் நியூ ஜேர்சியில் நண்பர் ஒருவரின் மகளது அரங்கேற்றத்திற்குப் போயிருந்தேன். கையில் தந்த நிகழ்ச்சி மலரில், ஈராயிரம் ஆண்டுகளாகக் கோயில்களில் 'தெய்வப் பணியாளர்கள்' வளர்த்த புனிதக் கலை பரதநாட்டியம் என்று எழுதியிருந்தது. அந்தப் பணியாளர்கள் யார், அவர்களுக்கு என்ன நடந்தது என்பது பற்றி ஒரு வரியும் இல்லை. பிள்ளை நன்றாக ஆடினாள். எனது விமர்சனம் அவள் மீதல்ல, அந்த மலர் மீது.

முதலில் தோற்றம் பற்றி. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் பொறித்த கல்வெட்டு, பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல் பெறும் பங்கும். அது ஒரு தொழிலின் பட்டியல், சாதியின் பட்டியலல்ல. இன்றைய 'இசை வேளாளர்' என்ற பெயரோ 20ஆம் நூற்றாண்டுக்குரியது. மேளகாரர், நட்டுவனார், தாசி குடும்பத்தார் எனப் பலர், தமிழ் பேசியோரும் தெலுங்கு பேசியோருமாக, அதற்குள் வந்து சேர்ந்தனர். கைக்கோளர் குடும்பங்களிலிருந்து பெண் குழந்தைகளுக்குப் பொட்டுக்கட்டி விட்டதை 1909இல் வெளிவந்த தேர்ஸ்டனின் தொகுப்பு பதிவு செய்திருக்கிறது. ஆக, 'தூய மரபு' என்பது பின்னர் கட்டப்பட்ட கதை.

வழக்கங்களிலும் ஒரு முரண் உண்டு. இந்தக் குடும்பங்களில் மகள்களுக்குச் சொத்துரிமை இருந்தது. பெண் குழந்தை பிறப்பது கொண்டாட்டம். அதே குழந்தைக்கு விவரம் அறியாத வயதில் பொட்டுக் கட்டினார்கள். அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இரண்டும் உண்மை. தாசி குலத் தாய்க்குப் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியும், அதே வாழ்வுக்குள் வளர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் இதை எதிர்த்ததை வெறும் 'விக்டோரிய ஒழுக்கம்' என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் 1947ஆம் ஆண்டின் மதராஸ் சட்டம் பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்தபின், நாயனமும் நட்டுவாங்கமும் செய்த ஆண்களுக்குப் புதிய பெயரும் மதிப்பும் கிடைத்தன. பெண்களுக்கு மௌனமே எஞ்சியது. அவர்களது ஆட்டமோ 1930களிலிருந்தே உயர்சாதி மேடைகளுக்கு இடம்பெயரத் தொடங்கிவிட்டது.

அமெரிக்காவிலிருக்கும் நாம் இதை அறியாமல் இருக்க நியாயமில்லை. வீணை தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி 1962 முதல் இந்நாட்டில் ஆடினார், வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். அவரது மருமகன் டக்ளஸ் நைட் எழுதிய வாழ்க்கை வரலாறு 2010இல் வந்தது. தவேஷ் சோனேஜியின் ஆய்வு நூல் 2012இல் வந்தது. நைட் ஒரு மேதையையும் அவரது குடும்பத்தையும் அன்போடு நிறுத்திக் காட்டுகிறார். ஆனால் மேதையின் ஒளியில் மற்றப் பெண்கள் மறைந்துபோகிறார்கள். சோனேஜி அந்த மற்றவர்களைத் தேடிப் போகிறார். அரசவையிலும் தனவந்தர் வீட்டுக் கூடங்களிலும் ஆடிய பெண்களைக் காட்டி, 'கோயில் நடனம்' என்ற ஒற்றைச் சொல்லையே கேள்விக்குட்படுத்துகிறார். எனக்கு இரண்டாவது நூலே அவசியமானதாகப் படுகிறது. விராலிமலை முருகன் கோயிலில் ஏழு வயதில் பொட்டுக்கட்டப்பட்ட முத்துக்கண்ணம்மாளுக்கு 2022இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தபோது, நமது நடனப் பள்ளிகளில் எத்தனை பேருக்கு அவரது பெயர் தெரிந்திருந்தது?

இது இந்தியத் தமிழரின் சிக்கல், நமக்கென்ன என்று சிலர் கேட்கக்கூடும். யாழ்ப்பாணத்திலும் பெரிய மேளம், சின்ன மேளம் இரண்டும் இருந்தன. கோயிலில் தாசிகள் ஆடுவதை ஆறுமுக நாவலர் 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டித்தார். சின்ன மேளம் போனது, பின்னர் பரதநாட்டியம் வந்தது. ஆடிய பெண்கள் எங்கே போனார்கள் என்று நாம் கேட்கவில்லை. எங்களூர்த் திருவிழாவில் தவில் வாசிக்க வந்த அறுபது வயதுக்காரரை எனது பதினைந்து வயது அண்ணன் 'நீ' என்றுதான் கூப்பிட்டான். அவருக்கு விறாந்தையில்தான் இலை போட்டார்கள். இரவிரவாக அவர் வாசித்ததைக் கேட்டுக் கண்கலங்கிய சனமும் நாங்கள்தான்.

நாடிழந்தவர்கள் பண்பாட்டை இறுகப் பற்றிக்கொள்வது விளங்கக்கூடியது. ஆனால் ஒடுக்குமுறை பற்றி உலகத்துக்கெல்லாம் முறையிடும் நாம், நமது பிள்ளைகளின் கையில் கொடுக்கும் மலரில் இன்னொருவரின் வரலாற்றை அழித்துவிட்டு எதைக் காப்பாற்றுகிறோம்? அடுத்த அரங்கேற்ற மலரில் ஒரு பக்கத்தை இதற்கு ஒதுக்கும்படி நண்பரிடம் கேட்டேன். "நல்ல நாளில் ஏன் இந்தக் கதை?" என்றார்.

சாதி அந்தக் கேள்விக்குள்தான் உயிரோடு இருக்கிறது என்பது எனது கருத்து. மாற்றுக் கருத்துடையோர் எழுதட்டும்.