அல்லியும் காமிராவும்

என் நண்பர் ஒருவர் பாங்கு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்களைப் பிடிக்கிற வியாதிகளில் க்ஷேத்திராடனம், ஹோமியோபதி, சுயசரிதை எழுதுவது என்று மூன்று உண்டு. அவரைப் பிடித்தது நான்காவது: போட்டோ எடுப்பது. அதிலும் ஒரே விஷயத்தைத்தான் எடுப்பார். அல்லி, குவளை, நெய்தல் என்று நீரில் பூக்கிற பூக்கள். செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரையில் ஏரி, குளம், குட்டை ஒன்று விடாமல் மூன்று வருஷமாக அலைந்திருக்கிறார். போன மார்கழியில் ஒரு நாள் நாற்பது படங்களைக் கொண்டுவந்து என் மேஜைமேல் பரப்பினார்.

"புஸ்தகமாகப் போடலாம் என்று இருக்கிறேன். உங்கள் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லவேண்டும் ஸார்" என்றார்.

ஒளிக்காமல் சொல்லச் சொல்கிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்பது எழுத்துத் தொழிலில் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்று படங்களை வாங்கி வைத்துக்கொண்டேன்.

முதல் பத்துப் படங்களைப் பார்த்தபோது அசந்து போனேன். வெள்ளை அல்லியைப் படம் எடுப்பது சுலபமல்ல. கறுத்த நீருக்கு நடுவே வெள்ளைப் பூ இருந்தால், காமிரா நீரின் இருட்டைப் பார்த்து ஏமாந்து வெளிச்சத்தை அதிகமாக விட்டுவிடும். இதழெல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிடும். நண்பர் அதைத் தெரிந்துகொண்டு வெளிச்சத்தைக் குறைத்து எடுத்திருந்தார். இதழில் ஓடும் கோடுகூடத் தெரிந்தது. வண்டு ஒன்று மகரந்தத்தில் புரண்டுகொண்டிருந்த படத்தில் அதன் காலில் ஒட்டிய பொடியை எண்ணிவிடலாம் போலிருந்தது.

இருபதாவது படத்தில் கொட்டாவி வந்தது. குற்றம் என் பேரில்தானோ என்று காப்பி சாப்பிட்டுவிட்டு மறுபடியும் உட்கார்ந்தேன். முப்பதாவது படத்துக்குப் பிறகு, பார்த்த படத்தையே திரும்பப் பார்க்கிறேனோ என்று சந்தேகம் வந்துவிட்டது. தனித்தனியே ஒவ்வொரு படமும் நன்றாகத்தான் இருக்கிறது. நாற்பதும் சேர்ந்து ஏன் நன்றாக இல்லை?

கதை படிக்கிறவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. சில சிறுகதைத் தொகுதிகளில் கதைக்குக் கதை ஒரு கதாநாயகி வருவாள். அழகாக இருப்பாள். ஆனால் அவள் எந்த ஊர், யார் வீட்டுப் பெண், காலையில் எழுந்து என்ன வேலை செய்கிறாள் என்பது தெரியாது. ஆசிரியர் அவளை ஊரிலிருந்து கத்தரித்து எடுத்துக்கொண்டு வந்திருப்பார். மூன்றாவது கதையில் எல்லாக் கதாநாயகிகளும் ஒருத்தியாகிவிடுவார்கள். நண்பரின் அல்லிகளுக்கும் அந்தக் கதிதான் நேர்ந்திருந்தது. செங்கற்பட்டு ஏரியில் பூத்த பூவா, சிங்கப்பூரில் ஒரு ஹோட்டல் வாசல் தொட்டியில் பூத்த பூவா என்று படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

செங்கற்பட்டு விஷயத்தில் இது சாதாரணக் குறை அல்ல. பெயரைக் கேட்டால் செங்கல் சூளைதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் செங்கழுநீர்ப்பட்டு என்பதே மருவிச் செங்கற்பட்டு ஆயிற்று என்று பெரியவர்கள் சொல்வார்கள். செங்கழுநீர் என்றால் செங்குவளை. ஊருக்கே பெயர் வைத்த பூ. அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கிழக்கே போனால் மாமல்லபுரத்துக் கடற்கரை. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்று பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்டோமே, அந்த நெய்தலும் நீர்ப்பூதான். ஆக, ஒரு நீர்ப்பூவின் பெயரில் புறப்பட்டு இன்னொரு நீர்ப்பூவின் பெயரில் போய் முடிகிற சாலை அது. பழைய மனிதர்கள் பூவைப் பார்த்தபோது அது நின்ற இடத்தையும் சேர்த்தே பார்த்தார்கள். அதனால்தான் பூவின் பெயர் நிலத்துக்கு ஒட்டியது.

நண்பரிடம் இதைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "நீங்கள் ஒரு தடவை என்னோடு வாருங்கள். பிறகு பேசுவோம்" என்றார்.

தை பிறந்து சில நாள் கழித்துப் போனோம். திருக்கழுக்குன்றம் சாலையிலிருந்து பிரிந்து இரண்டு மைல் உள்ளே ஓர் ஏரி. வடகிழக்குப் பருவ மழை நன்றாகப் பெய்திருந்ததால் நீர் நிரம்பி இருந்தது. காலை எட்டரை மணி. நண்பர் நேரம் பார்த்துத்தான் அழைத்துப் போயிருந்தார். வெள்ளை அல்லி அந்தியில் விரிந்து, இரவெல்லாம் விழித்திருந்து, முற்பகலில் கூம்பிவிடும். நீலப் பூவோ வெயில் வந்தபிறகு விரிந்து பிற்பகலில் மூடிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து விரிந்திருப்பது காலையில் கொஞ்ச நேரம்தான். நைட் டியூட்டி முடித்துப் போகிறவர்களும் பகல் டியூட்டிக்கு வருகிறவர்களும் ஆலை வாசலில் சந்தித்துக்கொள்வது போல.

நண்பர் முழங்கால் அளவு நீரில் இறங்கி, காமிராவின் முகப்பில் ஒரு கண்ணாடியைப் பொருத்தித் திருகினார். போலரைஸர் என்று பெயர். நீரின்மேல் மின்னும் ஒளியை அது விலக்கிவிடும். எனக்கும் காட்டினார். கண்ணாடி ஒரு சுற்றுச் சுற்றியதும் நீரிலிருந்த மேகம், கரைப் பனைமரம் எல்லாம் மறைந்து, கன்னங்கரேல் என்ற நீரில் பூ மட்டும் நின்றது. அவர் படங்களின் ரகசியம் எனக்குப் புரிந்துவிட்டது. அழகுக்காக அவர் செய்த முதல் காரியம் ஆகாயத்தைத் துடைத்துவிட்டதுதான்.

கரையில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சாமி, பூவைத்தான் படம் புடிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாம் அம்மா."

"பூ இன்னா பூ! தண்ணி வத்தட்டும், வந்து பாருங்க. கெயங்கு தோண்டுவோம். எங்க ஆயா காலத்துல அந்த வெதையை இடிச்சுக் கஞ்சி காச்சுவாங்க."

எனக்குப் புறநானூறு ஞாபகம் வந்தது. ஒக்கூர் மாசாத்தனார் என்ற புலவர் கைம்பெண் ஒருத்தியின் குரலில் பாடியது, 248-ஆம் பாட்டு. அவள் வெள்ளாம்பலைப் பார்த்து இரங்குகிறாள். இளமையில் அதன் தழை அவளுக்கு உடையாயிற்று. கணவன் இறந்தபிறகு, வேளை தவறிய வேளையில் அதன் விதையே அவளுக்கு உணவாயிற்று. ஒரே செடி ஒருத்தியின் வாழ்க்கையில் இரண்டு தடவை வருகிறது. நடுவில் இருப்பதையெல்லாம் புலவர் சொல்லாமல் விட்டுவிட்டார். நம்மில் யாராவது எழுதியிருந்தால் அந்த நடுவை நானூறு பக்க நாவலாக்கியிருப்போம். அந்தப் பாட்டில் இதழின் வர்ணனை கிடையாது. ஆனால் படித்தபிறகு வெள்ளாம்பலைச் சும்மா ஒரு பூவாகப் பார்க்க முடியாது.

விதை எப்படி உண்டாகிறது என்பதும் பார்க்கவேண்டிய விஷயம். பூ மூன்று நான்கு நாள் விரிந்து கூம்பி விரிந்து கூம்பி, கடைசியில் நீருக்குள் இறங்கிவிடுகிறது. காய் முற்றுவது கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில். முற்றி வெடித்தபின் விதைகள் மேலே மிதந்து வந்து, கொஞ்ச தூரம் போய், மறுபடியும் சேற்றில் அமிழ்கின்றன. நாம் பார்த்து மயங்குகிற நாலு நாள் அதன் ஆயுளில் ஒரு சிறு பகுதி. காமிராவால் நீருக்குள் போக முடியாது என்று நண்பர் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூம்பிய பூவையும், பூச்சி அரித்த இலையையும், நீரில் சாய்கிற தண்டையும் எடுக்கலாம் அல்லவா? நாற்பது படத்தில் ஒன்றில்கூட ஓர் ஓட்டை இலை இல்லை.

நண்பர் பதிலுக்கு மோனேயை இழுத்தார். "அந்தப் பிரெஞ்சு ஓவியர் இருபது வருஷத்துக்குமேல் அல்லியை மட்டும்தானே வரைந்தார்? அவரை யாராவது கேட்டார்களா?"

நல்ல கேள்வி. ஆனால் அவர் கட்சிக்கு மோனே சாட்சி சொல்லமாட்டார். 1893-ல் ஷிவெர்னி கிராமத்தில் நிலம் வாங்கி, ஆற்றுக்கிளையைத் திருப்பிக் குளம் வெட்டியவர் அவர். அயல்நாட்டுச் செடியால் தண்ணீர் கெட்டு மாடுகளுக்கு ஆகாது என்று ஊர்க்காரர்கள் ஆட்சேபித்தார்களாம். அவர் வரைந்த சுமார் 250 அல்லிப் படங்களில் பலவற்றில் பூ ஒரு தீற்றல்தான். மற்றதெல்லாம் நீர், நீரில் விழுந்த மேகமும் மரமும், மணிக்கு மணி மாறும் வெளிச்சம். நண்பர் கண்ணாடி போட்டு விலக்கிய பிரதிபிம்பத்தைத்தான் மோனே ஆயுள் முழுதும் துரத்தினார். 1926-ல் அவர் காலமான பிறகு, மறு வருஷம் பாரிஸில் அவருடைய பெரிய அல்லிச் சித்திரங்களுக்கென்று இரண்டு முட்டை வடிவ மண்டபங்களைத் திறந்தார்கள். உள்ளே போகிறவர்கள் ஒரு குளத்துக்கு நடுவே நிற்பதாகவே உணர்கிறார்களாம். 1905 வாக்கில் அவர் எடுத்ததாகச் சொல்லப்படும் ஒரு போட்டோகூட உண்டு. அல்லிக் குளத்தின்மேல் தொப்பி போட்ட அவருடைய நிழல் விழுந்திருக்கிறது. நம் நண்பர் கையில் கிடைத்திருந்தால், படம் கெட்டுப்போயிற்று என்று கிழித்துப் போட்டிருப்பார்.

இதுவரையில் நான் சொன்னதெல்லாம் ருசி சம்பந்தப்பட்டது. உங்கள் ருசி உங்களுக்கு, என் ருசி எனக்கு என்று நண்பர் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அவருடைய முப்பத்தேழாவது படத்துக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. நாற்பதிலும் அழகான படம் அதுதான். இளம் ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூ. மேலிதழில் மயிற்பீலிக் கண் மாதிரி மஞ்சள் பொட்டு. படத்தின் கீழே 'நீரின் புன்னகை' என்று எழுதியிருந்தார்.

அது ஆகாயத் தாமரை. சில ஊர்களில் வெங்காயத் தாமரை என்பார்கள். தென் அமெரிக்காவில் பிறந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பூவின் அழகுக்காகவே இந்த நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது என்று சொல்கிறார்கள். சாக்கடை கலந்த நீர் அதற்குப் பாயசம். சில வாரங்களில் இரட்டித்துப் பரவி ஏரியைப் பாய் விரித்தாற்போல் மூடிவிடும். மூடினால் அடியில் வெளிச்சம் இல்லை, காற்று இல்லை. அல்லி செத்துப்போகும், மீனும் செத்துப்போகும். நண்பருடைய புஸ்தகத்தில் கொல்கிற செடியும் கொல்லப்படுகிற செடியும் எதிரெதிர்ப் பக்கத்தில், ஒரே கறுப்புப் பின்னணியில், ஒரே மாதிரி சிரித்துக்கொண்டிருக்கும். பூவை மட்டும் கத்தரித்து எடுத்தால் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. அழகை மட்டும் காட்டுகிறேன் என்று புறப்பட்ட காமிரா இங்கே தெரியாமல் ஒரு பொய் சொல்லிவிட்டது. எனக்கு இந்த இடத்தில்தான் மனசு கேட்கவில்லை.

அன்று மத்தியானம் மாமல்லபுரம் போனோம். அர்ச்சுனன் தபசு என்று சொல்லுகிற பெரும் பாறைக்கு முன்னால் நண்பரை நிறுத்தினேன். பாறையின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு பிளவு. அதுதான் ஆறு. சிற்பி அதில் ஓர் அலைகூடச் செதுக்கவில்லை. அந்தக் காலத்தில் மேலே நீரைத் தேக்கி அதன் வழியே விழச் செய்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். இன்று நீர் கிடையாது. இருந்தும் அது ஆறு என்பதில் பார்க்கிற குழந்தைக்குக்கூடச் சந்தேகம் வருவதில்லை. நாகர்கள் அதில் மேல்நோக்கி வருகிறார்கள். யானைகள் கரைக்கு வந்திருக்கின்றன. கீழே ஒருவர் குளித்துவிட்டு வேஷ்டி பிழிகிறார்; இன்னொருவர் குடத்தில் நீர் எடுத்துப் போகிறார். நீரை நாடி யார் யார் வருகிறார்கள் என்று காட்டியே சிற்பி நீரைக் காட்டிவிட்டார்.

"அவரிடம் தண்ணீர் இல்லை, ஆறு இருக்கிறது. உங்கள் படத்தில் தண்ணீர் இருக்கிறது, ஏரி இல்லை" என்றேன்.

நண்பர் வெகு நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அந்த அம்மாளை எடுத்திருக்கவேண்டும் என்கிறீர்களா?" என்று கேட்டார்.

"அவளைக் கேட்டுக்கொண்டு எடுங்கள். இல்லாவிட்டால், அவள் சொன்னபடி தண்ணீர் வற்றியபிறகு போய்ப் பாருங்கள்" என்றேன். மூதுரையில் ஔவையார் சொன்னதையும் ஞாபகப்படுத்தினேன். குளம் வற்றினால் பறவைகள் பறந்து போய்விடும்; ஆம்பலும் நெய்தலும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். மழை பெய்தால் வந்து, பூ முடிந்தால் போய்விடுகிற போட்டோக்காரர்களை நான் எந்த ஜாதியில் சேர்ப்பது? அதை மட்டும் அவரிடம் கேட்கவில்லை. சிநேகிதம் நீடிக்கவேண்டும் அல்லவா?

புஸ்தகம் இன்னும் வரவில்லை. முப்பத்தேழாவது படத்தை என்ன செய்யப் போகிறார் என்பதும் தெரியவில்லை. ஆனால் வைகாசியில் ஒரு படம் அனுப்பியிருந்தார். வெடித்த சேறு. அதில் காய்ந்து சுருண்ட தண்டுகள். ஒரு கடப்பாரை. பக்கத்தில் ஓர் அன்னக்கூடை, அதற்குள் கறுப்புக் கறுப்பாகக் கிழங்கு. மூலையில், காமிராவைத் தூக்கிப் பிடித்த அவருடைய நிழல்.

அதை என் மேஜைமேல் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள், "இது என்ன படம்?" என்று கேட்கிறார்கள். "அல்லி" என்கிறேன்.