பகுதியில் இல்லாத மாணவர்கள்

தமிழ்நாட்டில் மேல்நிலை (பிளஸ் டூ) தேர்வு முடிவுகளை வெளியிடும்போது மாணவர், மாணவியர் தேர்ச்சி விழுக்காட்டைத் தனித்தனியே அறிவிப்பது அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் நெடுநாள் வழக்கம். மாநில அளவில் முதலிடம் பெற்றோரை அறிவிக்கும் முறை 2017இல் கைவிடப்பட்டபின் நாளேடுகளின் தலைப்புக்கு எஞ்சிய ஒப்பீடுகளுள் இது முதன்மையானது எனலாம். இதன் பயன் சிறிதன்று. பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட வீடுகளுக்கு ஆண்டுதோறும் எண்களால் விடை சொல்லிவந்தது இவ்வழக்கமே.

2025இல் மாணவியர் 96.70 விழுக்காடும் மாணவர் 93.16 விழுக்காடும் தேர்ச்சி பெற்றனர். 2023இல் 4.93 புள்ளிகளாக இருந்த இடைவெளி 3.54ஆகச் சுருங்கியிருப்பதால், ஆண்பிள்ளைகள் எட்டிப் பிடித்துவருகிறார்கள் என்ற எண்ணம் எளிதில் எழும். ஆனால் தேர்ச்சி நூறை நெருங்க நெருங்க இருபாலரின் விழுக்காடும் தாமாகவே நெருங்கிவிடும். தோல்வி விழுக்காட்டைக் கணக்கிட்டால் 2025இலும் மாணவரின் விழுக்காடு மாணவியருடையதைப்போல் இருமடங்குக்கு மேல் இருந்தது.

இதைவிடப் பெரிய குறை, கணக்கின் அமைப்பிலேயே இருக்கிறது. தேர்ச்சி விழுக்காடு என்பது தேர்வெழுதியோரைப் பகுதியாகவும் வென்றோரைத் தொகுதியாகவும் கொண்ட பின்னம். தேர்வறைவரை வராதவருக்கு அதில் இடமில்லை. 2023இல் பத்தாம் வகுப்புத் தேர்வெழுதிய மாணவியர் 4,55,017 பேர், மாணவர் 4,59,303 பேர். அதே அணி 2025இல் பிளஸ் டூ தேர்வுக்கு வந்தபோது மாணவியர் 4,19,316ஆகவும் மாணவர் 3,73,178ஆகவும் குறைந்திருந்தனர்; சற்றே மிகுந்திருந்த ஆண்கள் இரண்டே ஆண்டுகளில் பெண்களைவிட நாற்பத்தாறாயிரம் பேர் குறைவாகிப்போயினர். பத்தாம் வகுப்பு எழுதியோரையே பகுதியாகக் கொண்டால், பிளஸ் டூ தேர்ச்சியை எட்டியோர் மாணவியரில் நூற்றுக்கு ஏறத்தாழ 89, மாணவரில் 76. மூன்றரைப் புள்ளி எனக் காட்டப்பட்ட இடைவெளி உண்மையில் பதின்மூன்று.

விடுபட்ட அனைவரும் படிப்பை இழந்தவர் அல்லர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: பாலிடெக்னிக்கிலும் ஐடிஐயிலும் சேர்வோரில் ஆண்களே மிகுதி, பாடத்திட்டம் மாறிச் சென்றோரும் உண்டு. ஆனால் 2023இல் பத்தாம் வகுப்பிலேயே தவறிய மாணவர் ஐம்பத்து நான்காயிரத்துக்கு மேல். அவர்களில் எத்தனை பேர் துணைத்தேர்வு எழுதித் தொடர்ந்தனர், எத்தனை பேர் கூலி வேலைக்குப் போயினர் என்பதைத் தேர்ச்சி விழுக்காடு சொல்வதில்லை. பெண்கள் பொறுப்பானவர்கள், பையன்கள் விளையாட்டுப் பிள்ளைகள் என்ற சோம்பலான விளக்கமே அவ்விடத்தை நிரப்புகிறது.

மாணவியரின் நிலையையும் இவ்விழுக்காடு மிகைப்படுத்துகிறது. முப்பத்தைந்து மதிப்பெண் என்னும் கோட்டைத் தாண்டுவதை மட்டுமே அது அளக்கிறது. தேர்ச்சியில் பெண்கள் முந்தும் நாட்டில்தான், ஐஐடிகளில் அவர்கள் பத்தில் ஒருவர் என்ற அளவிலேயே இருந்ததால் 2018 முதல் கூடுதல் இடங்களை உருவாக்க நேர்ந்தது.

ஆகவே பாலினவாரி அறிவிப்பைக் கைவிடத் தேவையில்லை, அதன் பகுதியை மாற்ற வேண்டும். அதற்குப் புதிய கணக்கெடுப்பு எதுவும் வேண்டியதில்லை, ஈராண்டு இடைவெளியில் இயக்ககமே வெளியிட்ட இரண்டு அறிக்கைகளை அருகருகே வைத்தால் போதும்.