ஊர் எண்ணும் பயணம்

பாரிஸ் 2 இரவு, ஆம்ஸ்டர்டாம் 2, பெர்லின் 2, பிராக் 2, வியன்னா 2, புடாபெஸ்ட் 2, வெனிஸ் 1, புளோரன்ஸ் 1, ரோம் 2, பார்சிலோனா 3. ஐரோப்பாவில் படிக்கும் ஒரு மாணவர் கோடை விடுமுறைக்குப் போடும் திட்டம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது. அவர் போலந்துக்காரரானாலும் சரி, பொள்ளாச்சியிலிருந்து போய் ஜெர்மனியில் எம்.எஸ். படிப்பவரானாலும் சரி, ஊர்களின் வரிசைதான் மாறும், ஊர்கள் மாறா. முதுகில் ஒரு பை, கைபேசியில் ரயில் பாஸ், மூன்று வாரத்தில் பத்து நகரங்கள்.

இந்த வழக்கத்தைக் கேலி செய்பவர்களுக்குப் பஞ்சமில்லை. இதைவிடப் பெரிய படிப்பு உண்டா என்று உருகுபவர்களுக்கும் பஞ்சமில்லை. இரு தரப்பும் தப்பான இடத்தைப் பார்த்துப் பேசுவதாக எனக்குத் தோன்றுகிறது. இந்தப் பயணம் கற்றுக்கொடுக்கிறது, நிறையவே கற்றுக்கொடுக்கிறது. ஆனால் அந்தப் பாடத்தில் பெரும்பகுதி ரயிலிலும் நிலையத்திலும் நடந்து முடிந்துவிடுகிறது. ஊருக்குள் நடப்பது கொஞ்சம். காரணம் எளிது: பாஸ் என்ற ஏற்பாடு ஊர் விட்டு ஊர் போவதை மலிவாக்கியது. ஓர் ஊரில் தங்குவதை யாரும் மலிவாக்கவில்லை.

இந்தப் பட்டியல் பழையது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் ஓர் ஆசிரியரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பாரிஸ், வெனிஸ், புளோரன்ஸ், ரோம் என்று சுற்றி வந்தார்கள். ரிச்சர்ட் லாசெல்ஸ் 1670-ல் வெளியான தம் இத்தாலிப் பயண நூலில் இதை ‘கிராண்ட் டூர்’ என்று குறிப்பிட்டார். அந்தப் பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் பொழுது இருந்தது. பட்டியல் மட்டும் கைமாறி இன்றைய மாணவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது, பொழுது வரவில்லை.

பாஸ் பிறந்த கதை வேறு. சர்வதேச ரயில்வே ஒன்றியம் 1922-ல் தொடங்கப்பட்டது. அதன் 50ஆம் ஆண்டையொட்டி 1972 கோடைக்கு மட்டும் என்று ஒரு பயணச்சீட்டு வந்தது: 21 வயதுக்கு உட்பட்டவர்கள் ஒரு மாதம், 21 நாடுகளில். அதுதான் இன்டர்ரெயில். கூட்டம் அள்ளியதால் நிறுத்த மனம் வரவில்லை. பிறகு வயது வரம்பை உயர்த்தினார்கள், 1998-ல் அதையும் எடுத்தார்கள். இன்று 33 நாடுகளில் செல்லுபடியாகிறது. 27 வயது வரை இளைஞர் கட்டணம். ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு 1959 முதலே யூரெயில் பாஸ் தனியாக உண்டு. ஜெர்மனியில் வசிப்பிட அனுமதியோடு படிக்கும் தமிழ் மாணவர், பாஸ்போர்ட் இந்தியாவுடையது என்றாலும், இன்டர்ரெயிலுக்கே தகுதியானவர். 2019 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ரயில் நிறுவனங்கள் இந்த ஏற்பாட்டிலிருந்து விலகுவதாக அறிவித்தன. எழுந்த கூச்சலைப் பார்த்து மறுநாளே பின்வாங்கின. ரயில் நிறுவனங்கள் அவ்வளவு வேகமாக நகர்ந்து வேறெப்போதும் பார்த்ததாக நினைவில்லை.

இந்தப் பயணத்தின் நிறையைக் குறைத்துப் பேச முடியாது. பெர்லினில் ஏறி, டிரெஸ்டன் தாண்டி, எல்பே ஆற்றை ஒட்டியே பிராகுக்குப் போகும் ரயிலில் எல்லை எங்கே கடந்தது என்று தெரியாது. அறிவிப்பு செக் மொழிக்கு மாறியபின்தான் உறைக்கும். இதே பாதை 1972-ல் இரும்புத்திரைக்கு அந்தப் பக்கம் கிடந்தது. ஸ்பெயினில் அப்போது பிராங்கோ ஆட்சி, போர்ச்சுகலில் சர்வாதிகாரம் விழ இன்னும் 2 ஆண்டு. ஒரு கண்டம் தன் எல்லைகளை எப்படித் தளர்த்தியது என்பதைப் பாடப்புத்தகத்தைவிட அந்த நாலு மணி நேரம் நன்றாகச் சொல்லும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இது தெரியும். அதனால்தான் 2018-லிருந்து ‘டிஸ்கவர்இயூ’ திட்டத்தில் 18 வயதினரைத் தேர்ந்தெடுத்து இலவசப் பாஸ் தருகிறது.

இன்னொரு நன்மை, முடிவெடுக்கும் பழக்கம். ஜெர்மன் ரயில் நேரம் தவறாது என்று நம்பி வருபவருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது: 2024-ல் அங்கே தொலைதூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை 62.5 விழுக்காடுதான். இணைப்பு ரயில் போய்விட்டது, இரவு 11 மணி, தெரியாத நிலையம், கைபேசியில் 9 விழுக்காடு சார்ஜ். அப்பாவிடம் கேட்க முடியாது, அண்ணனிடம் கேட்கவும் முடியாது. ஊர்ப் பயணத்துக்கு டிக்கெட் எடுப்பது முதல் எல்லாவற்றையும் வீட்டார் முடிவு செய்து வளர்ந்த ஒரு பெண், தானே வழி கண்டுபிடித்து, விடுதியில் பெண்களுக்கான அறையில் ஒரு கட்டிலைப் பிடித்துவிடுகிறாள் என்றால் அதன் மதிப்பை ஐபெல் கோபுரத்தின் முன் எடுத்த படம் காட்டாது.

குறை இங்கேதான் தொடங்குகிறது. அந்த ‘2 இரவு’ என்பதைப் பிரித்துப் பாருங்கள். முதல் நாள் பிற்பகல் வந்து சேர்கிறார். விடுதி அறை 3 மணிக்கு மேல்தான் கிடைக்கும். மூன்றாம் நாள் காலை 10 மணிக்குள் காலி செய்ய வேண்டும். நடுவில் மிஞ்சுவது ஒரே ஒரு முழுப் பகல். அதிலும் துணி துவைக்க வேண்டும், அடுத்த ரயிலுக்கு முன்பதிவு செய்ய வேண்டும். பாரிஸின் அந்த ஒரு பகல் செவ்வாய்க்கிழமையாக அமைந்துவிட்டால் லூவர் அருங்காட்சியகம் மூடியிருக்கும். வெனிஸுக்கு அந்த ஒரு பகல்கூட இல்லை. கல்யாணப் பந்தியில் இலையில் வைத்ததையெல்லாம் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு எழுந்தவர் மாதிரிதான். ருசி தெரியும், பசி தீராது.

இவ்வளவு அவசரம் ஏன்? பாஸுக்குக் கொடுத்த பணத்தை எடுத்தாக வேண்டும் என்ற கணக்கு ஒரு காரணம். ஆனால் அந்தக் கணக்கே தவறானது. மேலே சொன்ன திட்டத்துக்கு 10 பயண நாள் உள்ள இளைஞர் பாஸ் வேண்டும். அது 300-லிருந்து 400 யூரோவுக்குள். முன்பதிவுக் கட்டணங்கள் ஒரு 100. கட்டில் ஒன்றுக்குச் சராசரியாக 40 யூரோ என்று வைத்தால் 19 இரவுக்கு 760. ஆம்ஸ்டர்டாமிலும் பார்சிலோனாவிலும் ஜூலை சனிக்கிழமைக்கு 60 கேட்பார்கள். சாப்பாட்டுக்கு நாளைக்கு 20 என்று இறுக்கிப் பிடித்தாலும் 400. மொத்தத்தில் படுக்கைக்கே ஏறக்குறைய பாதி போகிறது. பாஸ் ஐந்தில் ஒரு பங்குதான். ஜெர்மனியில் படிக்க விசா கேட்கும் மாணவர் மாதச் செலவுக்கு 992 யூரோ காட்ட வேண்டும் என்று அந்நாட்டு அரசு வைத்திருக்கிறது. அதன்படி பார்த்தால் இந்த மூன்று வாரம் ஒன்றரை மாத வாழ்க்கையைத் தாண்டி விழுங்குகிறது. கல்விக் கடனில் படிப்பவர் இதை ஒருமுறை காகிதத்தில் எழுதிப் பார்ப்பது நல்லது.

சரி, நினைத்த ரயிலில் நினைத்த நேரத்தில் ஏறலாம் என்ற சுதந்திரமாவது உண்டா? பாதி ஐரோப்பாவில் உண்டு. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் பெரும்பாலான ரயில்களில் அப்படியே ஏறி உட்காரலாம். பிரான்சின் டிஜிவி, ஸ்பெயினின் ஏவிஇ, இத்தாலியின் பிரெச்சாரோஸா, பாரிஸ் – ஆம்ஸ்டர்டாம் யூரோஸ்டார் எல்லாவற்றிலும் முன்பதிவு கட்டாயம், தனிக் கட்டணம். சிலவற்றில் பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கிய இடங்கள் கோடையில் சீக்கிரமே தீர்ந்துவிடும். ஆஸ்திரிய ரயில்வேயின் நைட்ஜெட் இரவு ரயிலில் படுக்கை வேண்டுமென்றால் விடுதிக் கட்டில் அளவுக்குக் கூடுதல் பணம் கட்ட நேரும். பிறகு ரோமிலிருந்து பார்சிலோனா. நேரடி ரயில் கிடையாது. மாறி மாறிப் போனால் ஏறக்குறைய ஒரு நாள். ரோமுக்கு அருகே சிவித்தாவெக்கியா துறைமுகத்திலிருந்து கப்பல் உண்டு, அதுவும் 20 மணி நேரம். ஆகவே, விமானத்தைவிடப் பூமிக்கு நல்லது என்று சொல்லி ரயிலில் கிளம்பியவர் இந்த இடத்தில் மலிவு விமானத்தில் ஏறுகிறார். போர்ச்சுகல் ஆசை வந்தால் இன்னும் சிரமம்: மாட்ரிட் – லிஸ்பன் இரவு ரயில் 2020 மார்ச்சில் நின்றது, திரும்ப வரவில்லை.

விடுதியில் உலகமே கூடியிருக்கும் என்கிறார்கள். கூடத்தான் செய்கிறது. ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மன் ஆசிரியர் மாணவர்களோடு நடைபயணம் போகும்போது இரவு தங்க இடமில்லாமல் தவித்து, 1912-ல் ஆல்டெனா கோட்டையில் முதல் நிரந்தர இளைஞர் விடுதியைத் திறந்தார். நடந்து வருபவருக்கு ஒரு கட்டில், ஒரு சமையலறை. அவ்வளவுதான் அவர் யோசனை. இன்றைய பெருநகர விடுதிகள் பலவற்றில் கீழ்த்தளம் மதுக்கூடம். ஆஸ்திரேலியரும் அமெரிக்கரும் இந்தியரும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்கிறார்கள். அடுத்த ஊரில் எந்த விடுதி மலிவு என்பதே முக்கால்வாசிப் பேச்சு. அந்த ஊர்க்காரர் யாரையாவது சந்தித்தால் அவர் கல்லாவுக்குப் பின்னால் நிற்பவராக இருப்பார்.

அந்த ஊர்க்காரருக்கும் இந்தக் கோடை அலுத்துவிட்டது. ஆம்ஸ்டர்டாம் 2023-ல் குடித்துக் கூத்தடிக்க வரும் 18 முதல் 35 வயது பிரிட்டிஷ் ஆண்களை ‘வராதீர்கள்’ என்று விளம்பரம் போட்டே விரட்டியது. வழிகாட்டியோடு மதுக்கடை மதுக்கடையாகப் போகும் இரவு ஊர்வலங்களைப் பிராக் 2024-ல் தடை செய்தது. பார்சிலோனா 2028-க்குள் சுற்றுலா வாடகை வீடுகளின் உரிமங்களையே முடித்துவிடுவதாக அறிவித்திருக்கிறது. வெனிஸின் பழைய நகரத்தில் 1951-ல் ஏறக்குறைய 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். இன்று 50,000-க்கும் கீழே. அங்கே பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் 2024 முதல் குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். ‘நாங்கள் சொகுசுக் கப்பல் கூட்டம் இல்லையே’ என்று மாணவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் ஒரே பட்டியலைப் பிடித்துக்கொண்டு ஒரே மாதத்தில் அதே ஆறு தெருக்களில் நடக்கும்போது நெரிசலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 2023 ஜூலையில் ரோமில் 41 டிகிரியைத் தாண்டியது, ஏதென்ஸில் அக்ரோபோலிஸை நண்பகலில் மூடிவைத்தார்கள்.

தங்கினால் என்ன தெரியும் என்பதற்கு ஓர் உதாரணம். ஆம்ஸ்டர்டாமுக்கு ரயில் ஏற மாணவர் வந்து நிற்கும் பாரிஸின் கார் து நோர் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் லா ஷபெல். ஈழத்திலிருந்து போரால் துரத்தப்பட்டு வந்தவர்கள் உருவாக்கிய கடைத்தெரு: தமிழ்ப் பலகைகள், முருங்கைக்காய், நகைக்கடை, கொத்து ரொட்டி. அங்கிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர், கோடை முடிவில் அந்தத் தெருக்களில் வருகிறது. பிரெஞ்சுக்காரர்களும் கூட்டமாக நின்று பார்க்கிறார்கள். பாரிஸ் எப்படிப்பட்ட நகரம், அதில் யார் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்ற கேள்வி அங்கே கேட்காமலே எழும். இரண்டு இரவுக்காரர்களில் பலர் பையைத் தூக்கிக்கொண்டு அதைத் தாண்டி நேரே நடைமேடைக்குப் போய்விடுகிறார்கள், தமிழர்கள் உட்பட.

பாஸ்போர்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லையே தெரியாத ரயில் என்று மேலே எழுதியது பிராகை நோக்கிப் போகும்போது. திரும்பும்போது கதை மாறலாம். 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை நடத்துகிறது. போலீஸ் பெட்டிக்குள் ஏறினால் எல்லா முகங்களுக்கு முன்னாலும் ஒரே அளவு நேரம் நிற்பதில்லை. வசிப்பிட அட்டையும் பாஸ்போர்ட்டும் அசலாகக் கையில் இருக்க வேண்டும், படம் போதாது. சலுகையிலும் பாஸ்போர்ட் போடும் இந்தக் கோடு உண்டு. 26 வயதுக்கு உட்பட்ட ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிவாசி எவருக்கும் லூவர் இலவசம், வசித்தால் போதும். ஆனால் இத்தாலியின் அரசு அருங்காட்சியகங்களில் 18 முதல் 25 வயதினருக்கான 2 யூரோச் சீட்டு ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களை மனதில் வைத்தது. ஒரே வகுப்பில் வெவ்வேறு பாஸ்போர்ட்டோடு படிக்கும் இரு நண்பர்கள் புளோரன்ஸின் உஃபிஸி அருங்காட்சியக வாசலில் வேறு வேறு விலை கொடுப்பார்கள்.

இதனால் இந்தப் பயணம் வேண்டாம் என்பதல்ல என் முடிவு. போகலாம், போகத்தான் வேண்டும். பட்டியலைப் பாதியாக வெட்டிவிட்டு. வரும் கோடைக்குத் திட்டம் போடுகிறவர் நான்கு அல்லது ஐந்து ஊர்களோடு நிறுத்தட்டும், ஊருக்கு நான்கு இரவாவது வைக்கட்டும். லைப்சிக், பிராக், பிர்னோ, வியன்னா, கிராட்ஸ் என்று ஒரே திசையில் இறங்கினால் கட்டாய முன்பதிவுத் தொல்லை பெரும்பாலும் இல்லை; கட்டிலும் சாப்பாடும் ஆம்ஸ்டர்டாம் விலைக்கு வராது. சமையலறை இருக்கும் விடுதியாகப் பாருங்கள். பாஸ் வாங்குமுன் தனித்தனி டிக்கெட் விலையையும் கூட்டிப் பாருங்கள். இத்தனை குறைந்த தாவல்களுக்குப் பாஸே தேவைப்படாமல் போகலாம். ரோமையும் வெனிஸையும் பார்சிலோனாவையும் பிப்ரவரி விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கட்டில் மலிவாக இருக்கும், வரிசை சிறிதாக இருக்கும், வெயிலும் அடிக்காது.