புதையல் தீவின் துணைப் பாத்திரங்கள்

கதைத் தலைவனை உயர்த்திக் காட்டுவதே துணைப் பாத்திரங்களின் வேலை என்பது பலர் கொண்டுள்ள கருத்து. இளையோர்க்கு எழுதப்படும் நாவல்களில் இக்கருத்து மேலும் வலுப்பெறுகிறது. நல்லவர் அறிவுரை கூறுவர். தீயவர் தண்டனை பெறுவர். தலைவன் மாறாமல் நின்று வெற்றி பெறுவான். இத்தகைய கதை படிக்கும்போது இனிக்கும், மூடிவைத்ததும் மறந்துபோகும். ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' மறக்கப்படாமல் நிற்பதற்குக் காரணம், அதன் துணைப் பாத்திரங்கள் தலைவனைத் தாங்காமல் சோதிப்பதே ஆகும்.

1881-82ஆம் ஆண்டுகளில் சிறுவர் இதழொன்றில் தொடர்கதையாக வந்த இது, 1883இல் நூல் வடிவம் பெற்றது. விடுதிக்காரரின் மகன் ஜிம் ஹாக்கின்ஸ் கதைத் தலைவன். தந்தையை இழந்த அவன், கொள்ளைக்காரன் புதைத்த செல்வத்தைத் தேடிக் கடல் கடந்து செல்கிறான். அவனைச் சூழ்ந்த பெரியோருள் மூவர் கருதத்தக்கவர்.

தாயும் சமையற்காரனும்

ஜிம்மின் தாய் சில பக்கங்களே வருகிறாள். விடுதியில் தங்கி இறந்த மாலுமியின் பெட்டியைத் திறந்து, அவன் தரவேண்டிய பாக்கியை எண்ணுகிறாள். கொள்ளையர் நெருங்கி வருகின்றனர். ஆயினும், உரியதற்கு மேல் ஒரு காசும் வேண்டாள்; உரியதைக் குறைக்கவும் உடன்படாள். அவளுடைய நேர்மையையும் பேராசையையும் ஒருங்கே மகன் நொந்துகொள்கிறான்.

அடுத்தவன் ஒற்றைக்கால் சமையற்காரன் ஜான் சில்வர். சிறுவனைப் பெரியவனாக மதித்துப் பேசி மனத்தைக் கவர்கிறான். அதே புகழ்மொழிகளை அவன் வேறோர் இளைஞனிடமும் கூறுவதை, ஆப்பிள் பீப்பாய்க்குள் இருந்தபடி ஜிம் கேட்க நேர்கிறது. பின்னர், சதிக்கு இணங்காத மாலுமியை அவன் கொல்வதையும் காண்கிறான். அத்தகையவனே பிறகு தன் கூட்டத்தாரிடமிருந்து ஜிம்மைக் காக்கிறான். அன்பா, தன்னலமா என்று பிரித்துக் கூற இயலாது. தம் நண்பர் ஹென்லியின் உயர்பண்புகளை நீக்கி, வலிமையையும் துணிவையும் கலகலப்பையும் மட்டும் வைத்துச் சில்வரைப் படைத்ததாக ஸ்டீவன்சனே கூறியுள்ளார். அவனை வெறுக்கவும் முடியாமல் நம்பவும் முடியாமல் வாசகர் தவிப்பதன் மருமம் இதுவே.

வாக்கின் சோதனை

ஜிம் கொள்ளையரிடம் அகப்பட்டிருக்கையில் மருத்துவர் லிவ்சி வருகிறார். வேலியைத் தாண்டித் தம்முடன் ஓடிவருமாறு அழைக்கிறார். தப்பியோட மாட்டேன் என்று சில்வரிடம் வாக்களித்திருப்பதால் ஜிம் மறுத்துவிடுகிறான். லிவ்சி நீதிபதியும் ஆவார். நீதி காப்பவர் வாக்கை மீறச் சொல்கிறார். கொலைகாரனோ அவ்வாக்கை நம்பி விலகி நிற்கிறான்! நூலின் உச்சம் புதையல் அன்று, இக்காட்சியே. உரியதை உரியபடி செலுத்தும் தாயின் குணம் இங்கே மகனிடம் மலர்கிறது. அவனுக்கு இதை எவரும் போதிக்கவில்லை.

நூலில் குறையும் உண்டு. 16 முதல் 18 வரையுள்ள அத்தியாயங்களில் ஜிம்முக்குப் பதிலாக மருத்துவர் கதை சொல்கிறார். சண்டை தெளிவாக விளங்குகிறது. ஆனால் அகப்போராட்டம் இல்லை. அவரிடம் ஐயமே எழாததால் கதை தளர்கிறது. சில்வர் ஒழிந்த கொள்ளையருட் பலர் பெயரளவில் நின்றுவிடுகின்றனர்.

முடிவில் சில்வர் ஒரு மூட்டைப் பொற்காசுடன் தப்பிவிடுகிறான். தீமைக்குத் தண்டனை வேண்டாமா என்று கேட்கலாம். தீர்ப்பை ஆசிரியர் வழங்கியிருந்தால் இளம் வாசகர் நூலோடு அதை மூடிவைத்திருப்பர். வழங்காமையால், சில்வர் எத்தகையவன் என்ற வினா அவர்களுடனேயே வளர்கிறது.

இளையோர்க்கு எழுதுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. தலைவனுக்கு அறிவுரை கூறப் பத்துப் பெரியவர்களைப் படைப்பதினும், அவன் தானே எடைபோட வேண்டிய ஒருவரைப் படைப்பது அரிது, பயனுடையதும் அதுவே.